கோட்டோவியத்திலிருந்து அசைவுருவத்துக்கு: கீரிமலையின் இரு முகங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கு மேற்கே அமைந்துள்ள கீரிமலை, நகுலேசுவரத்தாலும் கடலோரத் தீர்த்தக் கேணியாலும் அறியப்பட்ட ஊராயினும், அசைவூட்டக் கலை கற்போருக்கு வேறொரு வகையிலும் பயன்படத்தக்கது. ஏனெனில் அவ்வூரின் தலமரபு முன்வைக்கும் முதன்மையான கதைமாந்தர் இருவருமே முகம் மாறுபவர்கள். ஒருவர், கீரிமுகம் கொண்டிருந்து இத்தீர்த்தத்தில் நீராடி மனிதமுகம் பெற்றதாகச் சொல்லப்படும் நகுலமுனிவர். மற்றவர், குதிரைமுகத்தோடு சோழநாட்டிலிருந்து வந்து, இங்கே நீராடி அம்முகம் நீங்கப்பெற்று, அயலிலுள்ள மாவிட்டபுரத்தில் கந்தசுவாமி கோயில் எழக் காரணமானவராகப் போற்றப்படும் இளவரசி மாருதப்புரவீகவல்லி. 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் இளவரசியின் கதை இடம்பெறுகிறது. விவரங்கள் நூலுக்கு நூலும் வாய்க்கு வாயும் வேறுபடுகின்றன என்பது வரலாற்றாசிரியருக்குச் சிக்கலாக இருக்கலாம். ஓவியருக்கோ அது உரிமை, எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் அதனை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டால் போதும்.

விலங்குமுகம் மனிதமுகமாக மாறும் உருவத்தைப் படைப்பது, கதைமாந்தர் உருவாக்கத்தில் மிகக் கடினமான பணிகளுள் ஒன்று. அதனைச் செய்யத் தெரிந்தவருக்கு எளிய உருவங்கள் தாமே வசப்படும் என்பதால் இவ்வத்தியாயம் அவ்விருவரையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. தொடக்கநிலையில் உள்ளோர் பெரும்பாலும் மென்பொருளைத் திறந்த பின்னரே முகமாற்றத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகின்றனர். அம்மாற்றம் உண்மையில் தாளிலேயே தீர்மானிக்கப்படவேண்டியது. தாளில் தீராத ஐயத்தை எந்த மென்பொருளும் தீர்த்துவைப்பதில்லை.

களத்தில் வரைதல்

முதற்பணி, பார்த்து வரைவது. கீரியைக் குடாநாட்டில் தேடி அலையவேண்டியதில்லை. பனங்காணிகளிலும் வேலியோரங்களிலும் பகலிலேயே அது தென்படும். ஆனால் ஓரிடத்தில் நில்லாது என்பதால் முழு உருவத்தையும் ஒரே மூச்சில் வரைய முயல்வது வீண். நீண்டு தாழ்ந்த உடலின் வளைவு, தலையின் ஆப்புவடிவம், வால் தொடங்கும் தடிப்பு என ஒவ்வொரு பார்வைக்கும் ஒன்றை மட்டும் சில நொடிகளில் பிடிக்கும் விரைவுக்கோட்டுப் பயிற்சியே பயன்தரும். முகத்தில் கவனிக்கவேண்டியவை மூன்று. காதுகள் சிறியனவாக, உருண்டனவாக, தலையின் பக்கங்களில் தாழ்ந்து ஒட்டியிருக்கின்றன. கண்ணின் பாவை மனிதனுக்கு உள்ளதுபோல் வட்டமாக அன்றிக் கிடையாக நீண்டிருக்கிறது. ஒவ்வொரு மயிரிலும் வெளிர்நிறமும் கருநிறமும் மாறிமாறிப் பட்டைகளாக அமைந்திருப்பதால் உடல் தூரத்திலிருந்து பார்க்கையில் சாம்பல் தூவியதுபோல் தோன்றுகிறது. இவற்றுள் இறுதியாகச் சொன்னது முனிவரின் உருவமைப்புக்கு நேரடியாக உதவும்: கீரியின் சாம்பல் மேனி திருநீறு பூசிய மேனியாக மாறுவதற்கு நிறத்தட்டில் அதிக தூரமில்லை.

குதிரைக்கு நெடுந்தீவு இருக்கிறது. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திலிருந்து அங்கே எஞ்சியுள்ளனவாகக் கருதப்படும் கட்டாக்காலிக் குதிரைகள் வெளிகளில் திரிகின்றன. குறிகட்டுவானிலிருந்து படகேறிச் சென்று ஒரு பகல் முழுவதும் வரைந்து திரும்பலாம். குடாநாட்டுக் கோயில்களின் மரக் குதிரை வாகனங்களும் சிறந்த பாடமே எனினும், அவை சிற்பியின் கண்வழி ஏற்கெனவே ஒருமுறை திருத்தப்பட்ட குதிரைகள். கழுத்து உயிருள்ள குதிரைக்குள்ளதைவிட நிமிர்ந்தும், மூக்குத்துளை விரிந்தும், கண் பெரிதாகியும் இருக்கும். உயிர்க்குதிரையை முதலில் வரைந்து, பிறகு வாகனத்தை வரைந்து, சிற்பி எதை மிகைப்படுத்தினார், எதை விட்டார் என இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே பாணியாக்கம் எனப்படும் கலையைக் கற்பதற்குரிய குறுக்குவழி. இயற்கை உருவிலிருந்து சிலவற்றைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவருவதே பாணியாக்கம்.

மூன்றாவதாக வரையவேண்டியது இடம். கேணியின் ஒருபுறம் கடலும் மறுபுறம் நன்னீரும் ஒரு சுவரால் மட்டும் பிரிந்திருப்பது இவ்விடத்தின் தனித்தன்மை. வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கல்லின் வெடிப்புகளிலும் குழிவுகளிலும் ஓடி, கடலோரத்தில் ஊற்றாக வெளிவருவதே இந்த நீரின் மூலம். பின்புலம் வரைவோர் கல்லின் தன்மையை உணராவிட்டால் கடற்கரையைத் தமிழ்நாட்டுக் கருங்கற்பாறைபோல் வரைந்துவிடுவர். சுண்ணக்கல் உருண்டு திரளாது, அரிக்கப்பட்டு ஓட்டைகளோடும் கூரிய விளிம்புகளோடும் நிற்கும், அதன் நிறமும் வெளிர்மஞ்சளும் சாம்பலும் கலந்தது.

கேணி வழிபாட்டிடமும் ஆகும். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செய்யத் திரள்கின்றனர். மாவிட்டபுரம் கந்தனின் தீர்த்தத் திருவிழாவும் அன்று இங்கேயே நிகழ்கிறது. பெண்களுக்கெனத் தனியே உள்ள கேணிப் பக்கம் வரைபுத்தகத்தையோ கமராவையோ கொண்டுசெல்லாதிருப்பதும், நீராடுவோர் முகங்களை அடையாளம் தெரியுமாறு பதிவுசெய்யாதிருப்பதும், சடங்கு செய்வோரிடமிருந்து விலகி நிற்பதும் ஓவியருக்குரிய ஒழுக்கம். கூட்டமில்லாத வேலைநாட் காலையே வரைவதற்கு உகந்த நேரம்.

இன்றைய தோற்றத்தை அப்படியே பழங்கதைக்குப் பின்புலமாக்குவதும் தவறு. நகுலேசுவரம் போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டெழுந்து, 1990இல் போரில் சேதமுற்று, 2012இல் குடமுழுக்குக் கண்ட கோயில். கேணியின் சீமெந்துச் சுவர்களும் படிகளும் அண்மைக்காலத்தவை. இளவரசியின் கதைக்குச் சுண்ணக்கற் கரையும், பனையும், திறந்த ஊற்றும், ஓலைக் கூடாரமுமே போதுமானவை. குறைவாகக் கட்டப்பட்ட பின்புலம் கணினியின் சுமையையும் குறைக்கும்.

தலையும் உடலும்

விலங்கின் தலையையோ காலையோ மனித உடலில் பொருத்துவதில் தமிழ்ச் சிற்பமரபு நெடுங்கால அனுபவம் உடையது. பிள்ளையார், குதிரைமுகத் தும்புரு, புலிக்கால் வியாக்கிரபாதர் ஆகிய உருவங்களைக் கோயில்தோறும் காணலாம். ஸ்தபதிகள் கையாளும் தாலமானம் என்பது முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு முழு உருவத்தையும் அளக்கும் முறை. பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலமாகப் பகுக்கப்படுகிறது, இங்கே அங்குலம் என்பது அளவுகோல் அங்குலம் அன்று, அவ்வுருவத்துக்கே உரிய சிற்றலகு. பிள்ளையாருக்கோ ஐந்து தாலமே வழக்கு. தலை பெரிதாகவேண்டிய உருவத்துக்கு உடலைக் குறுக்கிப் பருமனாக்கிய அத்தீர்வு, இன்றைய சிறுவர் அசைவுப்படங்களில் பெருந்தலைக் கதைமாந்தருக்கு வகுக்கப்படும் அளவோடு ஒத்துப்போவது வியப்பன்று.

இளவரசியின் உருவில் இம்முறை ஒரு சிக்கலை எதிர்கொள்கிறது. குதிரைமுகம் மனிதமுகத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு நீளமாக வரையப்படக்கூடியது. அதனையே தாலமாகக் கொண்டால் உடல் பூதாகாரமாகிவிடும், முகம் மாறியபின் தலை மிகச் சிறுத்துத் தெரியும். ஆகவே கதையின் முடிவில் வரும் மனிதமுகத்தையே அலகாக வைத்து உடலை வகுத்து, குதிரைத்தலையை அவ்வுடலின் கழுத்தும் தோளும் தாங்கக்கூடிய அளவுக்குச் சுருக்கி அமைக்கவேண்டும். கழுத்தைச் சற்றுத் தடிப்பாகவும் முன்சாய்ந்தும் வரைந்து, அத்தடிப்பைக் கூந்தலும் அணிகளும் மறைக்குமாறு செய்தால், முகம் மாறும்போது கழுத்து மெலிவதைப் பார்வையாளர் கவனியார்.

இதைவிட முக்கியமான தீர்மானம், இரு முகங்களுக்கும் பொதுவாக எது நிலைத்திருக்கும் என்பது. பார்வையாளர் இரண்டும் ஒரே ஆள் என்பதை ஒரு கணமும் ஐயுறாதிருக்கவேண்டுமாயின், மாறாத ஓர் அடையாளம் தேவை. முனிவருக்கு நெற்றியின் மூன்று திருநீற்றுக் கோடுகளும் சடையும் அவ்வேலையைச் செய்யும். இளவரசிக்கு நெற்றிச்சுட்டியும், அதனினும் மேலாகக் கண்களும். குதிரைக்கு இயல்பாகவே நீண்ட இமைமயிர் உண்டு. அதனை மனிதமுகத்திலும் தொடரச் செய்யலாம். குதிரையின் கண்ணில் வெள்ளை விழி அச்சத்திலன்றி அதிகம் வெளித்தெரிவதில்லை எனினும், கதைமாந்தர் எங்கே நோக்குகிறார் என்பது திரையில் விளங்குவதற்கு வெள்ளை விழி இன்றியமையாதது என்பதால், தொடக்கத்திலிருந்தே குதிரைமுகத்துக்கு மனிதக் கண்ணைக் கொடுத்துவிடுவது நல்லது. உடற்கூற்றின்படி அது பிழை. கதையின்படி அதுவே சரி.

தீர்மானங்கள் முடிந்தபின் சுழற்சித்தாள் வரையப்படும். ஓர் உருவத்தை முன்புறம், பக்கம், முக்காற்பக்கம், பின்புறம் என நான்கு கோணங்களில் ஒரே உயரத்தில் நிறுத்தி, உச்சி, கண், மூக்குநுனி, வாய், தாடை, தோள் ஆகியவற்றைக் கிடைக்கோடுகளால் இணைத்து வரைவது அது. ஒவ்வொரு கதைமாந்தருக்கும் விலங்குமுகத்துக்கு ஒன்று, மனிதமுகத்துக்கு ஒன்று, இடைநிலைக்கு ஒன்று என மூன்று சுழற்சித்தாள்கள் தேவைப்படும். இடைநிலைத் தாளை வரையாமல் தாவிச் செல்வதே பெரும்பாலான முயற்சிகள் தோல்வியடைவதற்குக் காரணம். பாதி மாறிய முகம் கோரமாக இருக்குமா, அழகாக இருக்குமா, நீருக்குள் மறைக்கப்படவேண்டியதா என்பது அத்தாளில்தான் தெரியவரும்.

தாளிலிருந்து திரைக்கு

கோட்டோவியத்தைக் கணினிக்கு மாற்றும் பணியில் அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல் அளவுள்ள படம் கிடைக்கும். முப்பரிமாண மாதிரியுருவுக்கு இது தாராளம், அச்சுக்கும் போகவேண்டிய ஓவியமாயின் 600 புள்ளி வேண்டும். ஸ்கேனர் இல்லாதவர் கைபேசியைப் பயன்படுத்தலாம், ஆனால் மிக அருகில் பிடித்தால் வில்லையின் அகலக்கோணம் தாளின் ஓரங்களை வளைத்துவிடும். சற்று விலகி நின்று, இருமடங்கு உருப்பெருக்கத்தில், நிழலான பகல்வெளிச்சத்தில், தாளுக்குச் சரிநேராகப் பிடிக்கவேண்டும். அடிவரைவை வெளிர்நீலப் பென்சிலாலும் இறுதிக்கோட்டைக் கரும்பென்சிலாலும் வரையும் பழக்கம் இங்கே பயன்தரும்: வண்ணப் படத்தை ஆக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று தடங்களில் நீலத்தடத்தை மட்டும் தனியே எடுத்தால், நீலக்கோடு ஏறத்தாழ வெள்ளையாகி மறைந்து கருங்கோடு மட்டும் எஞ்சும்.

கிரிட்டா போன்ற கட்டணமில்லா ஓவிய மென்பொருளில் அப்படத்தை மேலடுக்காக வைத்து, அடுக்கின் கலப்புமுறையைப் பெருக்கலுக்கு மாற்றினால் வெண்மை மறைந்து கோடுகள் மட்டும் தெரியும்; அதன் கீழ் வெற்றடுக்குகளில் தட்டைநிறம், நிழல், ஒளி எனப் படிப்படியாக வண்ணமிடலாம். கோட்டை மீண்டும் மென்பொருளில் மெருகிட்டு வரையவேண்டுமா என்பது விருப்பம். பென்சிலின் தயக்கமும் அழுத்தமும் மெருகில் தொலைந்துபோகும் என்பதால், மாதிரியுருவுக்கான தாள்களில் அதனைத் தவிர்ப்பதே மேல்.

வலையுரு

முப்பரிமாண மாதிரியுரு என்பது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் விளிம்புகளையும் விளிம்புகள் சூழும் முகப்புகளையும் கொண்ட ஒரு வலை. இதற்கு உகந்த மென்பொருள் பிளெண்டர். நெதர்லாந்தில் டன் ரூசெண்டால் 1994இல் தொடங்கிய அது, 2002இல் பொதுமக்கள் திரட்டிய 1,00,000 யூரோவின் உதவியால் கட்டற்ற மென்பொருளாயிற்று. அதன் ஆற்றலில் ஐயமுடையோர், லாத்வியாவில் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ என்னும் 2024ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்கலாம். பிளெண்டரில் உருவான அப்படம் உரையாடலே இன்றி, விலங்குகளை மட்டும் மாந்தராகக் கொண்டு, 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது.

சுழற்சித்தாளின் முன்புறப் படத்தையும் பக்கப் படத்தையும் அவ்வப்பார்வைகளில் பின்னணியாக வைத்து வேலை தொடங்கும். இங்கே ஒரு பொறி உண்டு. மென்பொருளின் முன், பக்கப் பார்வைகள் தூரநோக்கு இல்லாதவை, அதாவது அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒரே அளவாகத் தெரிபவை. கையால் வரைந்த படத்திலோ குதிரையின் மூக்கு அருகில் இருப்பதால் தன்னையறியாமல் பெரிதாக வரையப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தாதபோது படத்தைப் பின்பற்றாமல் கிடைக்கோடுகளை மட்டும் பின்பற்றவேண்டும்.

தலையைக் களிமண்போல் குவித்தும் குழித்தும் செதுக்கும் முறையில் முதலில் வடித்து, பின்னர் அதன்மேல் ஒழுங்கான நாற்கர வலையைப் புதிதாகப் பின்னுவது இன்றைய வழக்கம். இப்பின்னலை மீள்வலையாக்கம் எனலாம். செதுக்கிய உருவில் முகப்புகள் இலட்சக்கணக்கில் தாறுமாறாகக் கிடப்பதால் அதனை நேரடியாக அசைக்க இயலாது. புதிய வலையில் கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் விளிம்புகள் வளையங்களாக ஓடவேண்டும், ஏனெனில் முகத்தசைகளும் அங்கே வளையங்களாகவே ஓடுகின்றன. ஐந்து விளிம்புகள் ஒரே புள்ளியில் கூடும் இடங்கள் தவிர்க்கமுடியாதவை. அவற்றைக் கன்னத்தின் நடுவிலோ காதுக்குப் பின்னாலோ, அதிகம் மடங்காத பகுதிகளுக்குத் தள்ளிவிடவேண்டும். அடர்த்தி குறைந்த வலையைக் கணினியே மேலும் பகுத்து வழவழப்பாக்கும் உட்பகுப்பு முறை, 1978இல் எட்வின் கட்மல், ஜிம் கிளார்க் ஆகியோர் வெளியிட்ட கணிதத்தின் பயன். பிக்சாரின் ‘கெரிஸ் கேம்’ என்னும் 1997ஆம் ஆண்டுக் குறும்படம் கதைமாந்தருக்கு உட்பகுப்புப் பரப்புகளின் பயனைக் காட்டிய தொடக்கப் படைப்பு. ஆகையால் வலையை வேண்டியதைவிடச் செறிவாகப் பின்னுவது திறமையன்று, பின்னால் வரும் ஒவ்வொரு வேலையையும் பன்மடங்காக்கும் பிழை.

ஒரே வலையில் இரு முகங்கள்

முகமாற்றத்துக்கு பிளெண்டர் தரும் கருவி வடிவச்சாவி எனப்படும். வலையின் ஒவ்வொரு புள்ளியும் முதல் வடிவத்தில் எங்கே இருக்கிறது, இரண்டாம் வடிவத்தில் எங்கே இருக்கிறது என்பதைப் பதிந்துவைத்து, 0 முதல் 1 வரை நகரும் ஓர் அளவால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வது அது. இதிலிருந்து விட்டுக்கொடுக்கமுடியாத ஒரு விதி பிறக்கிறது: இரு முகங்களும் அதே புள்ளிகளைக் கொண்ட அதே வலையாக இருத்தல்வேண்டும். குதிரைத்தலையைத் தனியாகவும் மனிதத்தலையைத் தனியாகவும் பின்னிவிட்டு இரண்டையும் இணைக்க முயல்வது பயன்தராது. இரு தலைகளையும் செதுக்குமுறையில் தனித்தனியே வடித்தபின், வலையை ஒருமுறை மட்டும் பின்னி, அதன் ஒரு படியை மற்றத் தலையின்மேல் சுருக்கிப் போர்த்தும் கருவியால் படியவைத்து, கண்மூலை, மூக்குத்துளை, வாய்க்கோடு ஆகியவை தத்தம் இடத்தில் வந்து சேரும்வரை கையால் திருத்துவதே முறை. இடவலச் சமச்சீருக்காகப் பயன்படுத்திய கண்ணாடிப் பிரதிக் கருவியை வடிவச்சாவிகளைத் தொடங்குமுன் நிலைப்படுத்திவிடவேண்டும், தொடங்கியபின் பிளெண்டர் அதற்கு இடங்கொடாது.

ஒரே வலையில் நீண்ட மூக்கும் குறுகிய மூக்கும் அமையவேண்டியிருப்பதால் இடநெருக்கடி தோன்றும். குதிரையின் மூக்குத்தண்டு நெடுக வளையங்கள் பல வேண்டும். மனிதமுகத்தில் அவ்வளையங்கள் எல்லாம் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே வந்து குவிந்து சுருக்கமாகத் தெரியும். அவற்றைப் பக்கவாட்டில் நகர்த்தி, மூக்கோரத்திலிருந்து வாய்மூலைக்கு இறங்கும் கன்னமடிப்பின் வழியே பரப்பிவிட்டால் நெருக்கம் தீரும், சிரிக்கும்போது அம்மடிப்பு இயல்பாக விழவும் அது உதவும். வண்ணப்பரப்புக்கும் இதே கவனம் வேண்டும். முப்பரிமாணத் தோலை உரித்துத் தட்டையாக விரிக்கும் விரிப்புப்படத்தை, பரப்பு அதிகமுள்ள குதிரைவடிவத்தில் வைத்தே எடுக்கவேண்டும். மனிதவடிவில் எடுத்தால் குதிரையின் முகத்தில் வண்ணம் இழுபட்டு மங்கும்.

வடிவச்சாவி புள்ளிகளை நேர்கோட்டிலேயே நகர்த்தும் என்பதை மறக்கலாகாது. மூக்கு உள்வாங்குவதற்கு நேர்கோடு பொருந்தும். காதுக்குப் பொருந்தாது: உச்சியில் நிற்கும் குதிரைக்காது பக்கத்துக்கு இறங்கவேண்டிய பாதை வளைவானது, நேர்கோட்டில் விட்டால் பாதிவழியில் காது மண்டையோட்டுக்குள் புகுந்து வெளிவரும். பாதி அளவில் மட்டும் இயங்கும் ஒரு திருத்தச் சாவியைச் சேர்ப்பதோ, காதை எலும்பில் கட்டிச் சுழற்றுவதோ தீர்வாகும். முனிவருக்கு இச்சிக்கல் இல்லை, கீரியின் காது ஏற்கெனவே மனிதக்காதின் இடத்துக்கு அருகில் இருக்கிறது. தொடக்கநிலையில் உள்ளோர் இளவரசிக்கு முன் முனிவரைச் செய்து பழகவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

முழுமுகமும் ஒரே சாவியில் மாறினால் அசைவு இயந்திரத்தனமாக இருக்கும். மூக்கு, காது, கண்ணிடை, தாடை, கழுத்து என ஐந்து சாவிகளாகப் பிரித்து, சில சட்டக இடைவெளிகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கச் செய்தால், மாற்றம் உள்ளிருந்து பரவுவதாகத் தோன்றும். முகபாவங்களுக்குரிய சாவிகள் தனி. மனித முகத்தசை இயக்கங்களைக் குறியிட்டு வகைப்படுத்தி 1978இல் பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் ஆகியோர் வெளியிட்ட முறையே அசைவூட்டக்காரர்களுக்கு இன்றும் அடிப்படை. குதிரைக்கும் அவ்வாறே 17 இயக்கக் கூறுகளைக் கொண்ட குறியீட்டுமுறை 2015இல் வெளியிடப்பட்டுள்ளது. புன்னகைக்கான ஒரு சாவியை இரு முகங்களுக்கும் பொதுவாக்கினால், மனித உதட்டுக்கு அளந்த நகர்வு குதிரை உதட்டில் ஒட்டாமல் நிற்கும். குதிரையின் புன்னகையைத் தனியே செய்து, அது அடிவடிவத்தைச் சாராமல் குதிரைச்சாவியைச் சார்ந்து இயங்குமாறு அமைக்கவேண்டும்.

எலும்பும் அசைவும்

வலைக்குள் எலும்புக்கூடு பொருத்தி, எந்த எலும்பு எந்தப் பகுதியை எவ்வளவு இழுக்கும் என்பதை நிறத்தால் பூசி வரையறுக்கும் வேலை பெரும்பாலும் பொறுமையைச் சார்ந்தது. சேலையின் முந்தானைக்கும் முனிவரின் சடைக்கும் துணிப் போலச்செய்கையைப் பயன்படுத்தக் கணினி வலுவாக இருக்கவேண்டும். இல்லையெனில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு எலும்புகள் கொண்ட சங்கிலியைக் கட்டிக் கையால் அசைப்பது விரைவானதும் அழகானதும் ஆகும்.

உடலசைவை நடிகரிடமிருந்து பதிவுசெய்து உருவுக்கு ஏற்றும் முறையும் உண்டு. அம்முறையில் சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே சின்பாத் கதையை முழுநீளப் படமாக்கியது. 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ அவ்வழியைத் தொடர்ந்தது. உடலின் நடையை அம்முறை நன்றாகத் தந்தபோதும், கோச்சடையானின் முகங்கள் உயிர்ப்பின்றி இருப்பதாக விமர்சனம் எழுந்தது. கருவி கைக்கு எட்டாத யாழ்ப்பாணத்து மாணவர் அதற்காக வருந்தவேண்டியதில்லை. கீரியின் தலைத்திருப்பத்தையும் குதிரையின் காதசைவையும் பதிவுக்கருவி தந்துவிடப்போவதில்லை, களத்தில் வரைந்த விரைவுக்கோடுகளே அவற்றைத் தரும். டிஸ்னியின் பிராங்க் தாமஸ், ஒல்லி ஜோன்ஸ்டன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட நூலில் தொகுத்த பன்னிரு கொள்கைகளுள் முன்னசைவு என்பது இங்கே முதன்மையானது: ஒரு செயலுக்கு முன் அதன் எதிர்த்திசையில் நிகழும் சிறு தயாரிப்பு. இளவரசி நீரில் தலையமிழ்த்துமுன் முகத்தைச் சற்று மேலே தூக்குவதும் காதுகளைப் பின்னே மடிப்பதும் பார்வையாளரை மாற்றத்துக்கு ஆயத்தப்படுத்தும்.

ஒளி, நீர், இறுதிப்படம்

கீரிமலையில் கடலை நோக்கும் கமரா வடக்கை நோக்குகிறது. காலை ஒளி வலப்புறத்திலிருந்தும் மாலை ஒளி இடப்புறத்திலிருந்தும் வரும். நண்பகல் சூரியன் ஆண்டின் பெரும்பகுதியில் கமராவுக்குப் பின்னால் நிற்கும். ஆயினும் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை அது உச்சிக்கு வடக்கே, அதாவது கடற்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆடி அமாவாசைக் காட்சியில் நண்பகல் நிழல்கள் மிகக் குறுகியனவாக, கரையை நோக்கி விழவேண்டும். இத்தகைய நுணுக்கத்தை எவர் கவனிப்பார் என்று கேட்கலாம், அவ்வூரார் கவனிப்பர்.

கேணியின் நன்னீருக்கும் அப்பாலுள்ள கடலுக்கும் ஒரே நீர்ப்பரப்பைப் பயன்படுத்தக்கூடாது. கேணிநீர் தெளிந்து பச்சைச்சாயல் கொண்டது, அடித்தளம் தெரியும், அலை சிறியது. கடலுக்கு நுரையும் ஒளிபுகாத ஆழமும் வேண்டும். முகமாற்றத்தின் மிகக் கடினமான இடைநிலையை நீர்ப்பரப்பின் ஒளிச்சிதைவுக்குக் கீழே நிகழ்த்தினால் வலையின் குறைகள் மறையும், கதைக்கும் அது பொருந்தும்.

படத்தைக் கணினி தீட்டி எடுக்கும் இறுதிநிலையில் கணக்கு முக்கியம். நொடிக்கு 24 சட்டகமாகப் பத்து நொடிக் காட்சிக்கு 240 சட்டகங்கள்; ஒன்றுக்கு மூன்று நிமிடம் ஆனால் பன்னிரண்டு மணிநேரம். பிளெண்டரின் ஈவீ என்னும் விரைவுத் தீட்டுமுறை ஒளியின் துல்லியத்தைச் சற்று விட்டுக்கொடுத்து இந்நேரத்தைப் பெரிதும் குறைக்கிறது. ‘ஃப்ளோ’ படமும் அதிலேயே தீட்டப்பட்டது. காட்சியை நேரடியாகக் காணொளிக் கோப்பாக எடுக்காமல் தனித்தனிப் படங்களின் வரிசையாகச் சேமித்தால், நடுவில் மின்சாரம் நின்றாலும் முடிந்த சட்டகங்கள் எஞ்சும், நின்ற இடத்திலிருந்து தொடரலாம். பிளெண்டரும் கிரிட்டாவும் கட்டற்ற உரிமத்தில் வழங்கப்படும் மென்பொருள்களாயினும் அவற்றைக்கொண்டு உருவாக்கிய ஓவியமும் மாதிரியுருவும் படமும் அவற்றை ஆக்கியவருக்கே உரியவை. விற்பதற்கும் பகிர்வதற்கும் எவரது அனுமதியும் தேவையில்லை.